கதிருடைய நம்பர்

ஜூன் 3, திங்கள்

மிக்ஸி ஜார் அடியில் ஒழுகுகிறது. வாஷர் போய்விட்டது என்கிறார் இவர். மூன்று நாளாக அதையேதான் சொல்கிறார், கடைக்குக் கொண்டுபோகிற வழியைக் காணோம். கட்டிய புருஷனுக்கு வசனம் எழுதிக் கொடுக்க முடியாது என்பதால் பேசாமல் தேங்காயைத் துருவி பீன்ஸ் பொரியலில் போட்டு முடித்தேன்.

பதினோரு மணிக்கு ஜெபராஜ் சார் போன். 'செண்பகம் வீடு' தொடருக்கு அவர் டைரக்டர், நான் வசனம். "உமையாள்க்கா, கதிர் போறான்" என்றார். செண்பகத்தின் புருஷன் கதிராக நடிக்கிற பையனுக்கு சினிமா வாய்ப்பு வந்துவிட்டதாம். இந்த வாரத்தோடு சரியாம். "வெளிநாடு அனுப்பிடலாமா?" என்று கேட்டார். ஏற்கெனவே செண்பகத்தின் மாமனாரைத் துபாய்க்கு அனுப்பிவிட்டு, ஒரு வருஷமாகத் திரும்பக் கூட்டிவர மறந்துபோயிருக்கிறோம். அதைச் சொன்னதும் சிரித்தார். சிரிக்கிற நிலைமையில் அவரும் இல்லை, நானும் இல்லை.

சாயங்காலம் ராஜியாகப் போய் எட்டிப் பார்த்தேன். ராஜி நான்தான். முகநூலில் 'செண்பகம் வீட்டுச் சொந்தங்கள்' என்று ரசிகர்கள் குழு இருக்கிறது, நாற்பதாயிரம் பேர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு செம்பருத்திப் பூ படத்தைப் போட்டு, ராஜி என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். ஜனங்கள் என்ன பேசுகிறார்கள் என்று சும்மா பார்க்கத்தான். நாளைக்கு என்ன நடக்கும் என்று ஊகித்து எழுதுவேன், அப்படியே நடக்கும். பின்னே நடக்காதா? அங்கே எனக்கு 'ஜோசியக்கார ராஜி' என்று பேர். என் சொந்தப் பேருக்கு இதில் பாதி மரியாதை கிடைத்ததில்லை.

ஜூன் 6, வியாழன்

வியாழக்கிழமை என்றால் காலையிலிருந்தே போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ரேட்டிங் வருகிற நாள். இந்த வாரமும் இறங்கியிருக்கிறது. ஜூலைக்குள் ஏறவில்லை என்றால் தொடரை மூடிவிடுவோம் என்று சேனலில் சொல்லிவிட்டார்களாம். பதினோரு வருஷத்தில் மூன்று தொடர் மூடிப் பார்த்திருக்கிறேன். மூடின மறுநாளிலிருந்து நம் போன் சத்தமே போடாது. உயிரோடு இருக்கிறோமா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

குழுவில் பேச்சித்தாய் மட்டும் இன்றைக்கும் எழுதியிருக்கிறாள். கோவில்பட்டியில் தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள். முப்பத்தெட்டு வயசு. எபிசோட் முடிந்த ஐந்தாவது நிமிஷம் அவள் விமர்சனம் வந்து நிற்கும். "செண்பகம் ரசத்துக்கு உப்பு போட்டுட்டு, மாமியா வந்ததும் திரும்பவும் உப்பு போடுறா. அந்த ரசத்த யாரு குடிக்க?" என்று இன்றைய கேள்வி. எங்கள் செட்டில் இதைப் பார்ப்பதற்கென்று சம்பளம் வாங்குகிறவர்கள் கண்ணில் இது படவில்லை.

ராஜிக்கு அவள் தனியாகவும் எழுதுவாள். "சாப்ட்டீங்களாக்கா" என்று தினமும் கேட்பாள். இந்த வீட்டில் அந்தக் கேள்வி என் வாயிலிருந்துதான் கிளம்பும், என்னை நோக்கி வந்ததில்லை.

ஜூன் 11, செவ்வாய்

மத்தியானம் பேச்சியிடமிருந்து நீளமாக ஒரு செய்தி. கதிர் வேலை விஷயமாக வெளியூர் போவதாக நேற்று காட்டியிருந்தோம். அதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லையாம்.

அவள் புருஷன் போய் ஆறு வருஷம் ஆகிறது. பைக்குக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வருகிறேன் என்று காலையில் போனவர். சண்டை கிண்டை எதுவும் இல்லை. பைக்கை மட்டும் பஸ் ஸ்டாண்டு வண்டி ஸ்டாண்டில் டோக்கன் போட்டு நிறுத்தியிருந்தார். போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது.

"அந்த போனுக்கு இருபத்தெட்டு நாளைக்கு ஒருக்க ரீசார்ஜ் பண்ணிட்டு வாரேன்கா. அவுகளுக்கு மனப்பாடமா தெரிஞ்ச நம்பரு அது ஒண்ணுதான். என் நம்பரே தெரியாது. ஒருவேளை கூப்பிடணும்னு தோணுச்சுன்னா அதுக்குத்தான கூப்பிடுவாக. யார்ட்டயும் சொன்னது இல்ல, கேட்டா பைத்தியம்பாக" என்று எழுதியிருந்தாள். கடைசியில் அந்த நம்பரையும் போட்டிருந்தாள். நான் மெட்ராஸில் இருப்பதால், எங்காவது ஆஸ்பத்திரியிலோ ஆசிரமத்திலோ பேர் தெரியாத ஆள் என்று கேள்விப்பட்டால், அவரிடம் இந்த நம்பரைச் சொல்லிப் பார்க்கணுமாம். முகம் தெளியுதா என்று பார்க்கணுமாம்.

படித்துவிட்டு அழுதேன். அது பொய்யில்லை. பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு காபி போட்டேன். அந்த பைக் டோக்கன் விஷயம் ரொம்ப நன்றாக இருக்கிறது.

ஜூன் 12, புதன்

ஜெபராஜ் சாரிடம் சொன்னேன். கதிர் காணாமல் போகிறான். செண்பகம் அவன் போனுக்கு மாசா மாசம் ரீசார்ஜ் செய்கிறாள். "எப்படிக்கா இதெல்லாம் தோணுது உங்களுக்கு?" என்றார்.

தோணிச்சு என்றேன்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் பேரைப் போட்டேனா, ஊரைப் போட்டேனா? உலகத்தில் எழுதுகிறவர்கள் எல்லாம் இப்படித்தான் எழுதுகிறார்கள். பைக் டோக்கனை வேண்டாம் என்று விட்டுவிட்டேன், அதையும் குறித்துவைக்கிறேன்.

ஜூன் 14, வெள்ளி

மிக்ஸி ரிப்பேராகி வந்தது. இப்போது மூடி பொருந்தவில்லை.

ஜூன் 20, வியாழன்

ரேட்டிங் அதே இடத்தில் நிற்கிறது. இறங்காததே பெரிசு.

இன்று ரீசார்ஜ் சீன் எடுத்தார்கள். செண்பகம் கடைக்காரரிடம் நம்பர் சொல்லுகிற சீன். போன் நம்பர் வருகிற இடத்தில் நாங்கள் எட்டு இலக்கம்தான் எழுதுவோம், மீதியைப் பின்னணி இசை முழுங்கிவிடும். காலகாலமாக அப்படித்தான். இதையெல்லாம் கவனிக்கிற அசோசியேட் டைரக்டர் மைதிலி, தன் தங்கை வளைகாப்புக்காக லீவு. நான் கேஸ் ஏஜென்சியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு நிற்கும்போது ஜெபராஜ் சார் கூப்பிட்டார். "அக்கா, முழு நம்பர் இருந்தாத்தான் ஃபீல் வருதுன்னு செண்பகம் அடம் பிடிக்கிறா. வெளிச்சம் போகுது, ஏதாவது பத்து நம்பர் சொல்லுங்க" என்றார். கவுண்டர்காரர் என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

சாயங்காலம் பேச்சி எழுதியிருந்தாள்: "இன்னைக்கி ரீசார்ஜ் பண்ணியாச்சுக்கா. இனி இருபத்தெட்டு நாளைக்குக் கவலை இல்ல."

ஜூன் 26, புதன்

ப்ரொமோ வந்துவிட்டது. நாற்பது செகண்டில் செண்பகம் நம்பரை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்கிறாள். பின்னால் இசையே இல்லை. அமைதியாக விட்டால்தான் எடுபடும் என்று ஜெபராஜ் சார் முடிவு செய்தாராம். மணிக்கு மூன்று தடவை போடுகிறார்கள்.

எனக்கு மனப்பாடமாக வருகிற நம்பர் இரண்டு. ஒன்று என்னுடையது. இன்னொன்று, பேச்சியின் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்ததில் ஏறியது.

பத்து நம்பரை எவர் உட்கார்ந்து எழுதிக்கொள்ளப் போகிறார்கள்.

ஜூலை 1, திங்கள்

எழுதிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை எபிசோட் வந்தது. பேச்சி இன்று காலை எழுதியதை அப்படியே பார்த்து எழுதுகிறேன்: "அக்கா, அவுக போன் அடிக்குது. ஆறு வருஷத்துல கம்பெனிக்காரன் தவிர யாரும் கூப்பிட்டது இல்ல. மொத தடவ அடிச்சப்ப கீழ போட்டுட்டேன். எடுத்தா ஒரு பிள்ள, கதிர் இருக்காரான்னு கேக்குது. அப்புறம் நிக்கவே இல்ல. செண்பகம் சொன்னது அவுக நம்பருதான்கா. நான் ஒங்ககிட்ட மட்டும்தான சொன்னேன்?"

தற்செயலாக இருக்கும் என்று பதில் போட்டேன். பத்து இலக்கமும் தற்செயல்.

கொஞ்ச நாளைக்கு அந்த போனை அணைத்து வையேன் என்றும் எழுதினேன். "அணைச்சு வச்ச நேரம் பாத்து அவுக கூப்பிட்டா?" என்று கேட்டாள்.

ஜெபராஜ் சாரிடம் நம்பரை எடுத்துவிடச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. இணையத்தில் இருக்கிற எபிசோடில் சத்தத்தைக் குறைப்பதாகச் சொன்னார். இரண்டு நாள் ஆகுமாம்.

ஜூலை 4, வியாழன்

ரேட்டிங் ஏறிவிட்டது. இரண்டு வருஷத்தில் இல்லாத ஏற்றம். செட்டில் எல்லோருக்கும் பாதுஷா. இனி தொடரை மூடுகிற பேச்சே இல்லை. கதிரின் பிணம் கிடைக்கட்டும், செண்பகத்துக்கு வேறு ஜோடி போடலாம் என்று சேனலில் சொல்லிவிட்டார்கள். பதினாறாம் தேதி எபிசோடில் பிணம்.

குழுவில் இருநூறு பேர் 'கதிர் நம்பருக்கு' அடித்த கதையை எழுதியிருக்கிறார்கள். சேனல் செய்கிற விளம்பர உத்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெண் இப்படி எழுதியிருந்தாள்: "நான் அடிச்சேன் ப்ரெண்ட்ஸ். ஒரு லேடி எடுத்து, நீங்களா நீங்களான்னு அழுதாங்க. என்ன நடிப்பு, யாருப்பா அந்த வாய்ஸ்?" அதற்கு ஆயிரத்து நூறு இதயம்.

பாதுஷாவைப் பையிலேயே வைத்துக் கொண்டுவந்து இவரிடம் கொடுத்தேன். "நல்ல சேதியா?" என்றார். ஆமாம் என்றேன்.

ராஜியாக, பாவம் யாரோ எவரோ, யாரும் அந்த நம்பருக்குக் கூப்பிடாதீர்கள் என்று எழுதினேன். "ஜோசியக்கார ராஜிக்குப் பொறாமை, இந்தத் தடவை ஊகிக்க முடியலல்ல" என்று பதில் வந்தது.

ஜூலை 5, வெள்ளி

காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்தேன். என் சொந்தப் பேரில், சொந்த முகத்தோடு குழுவில் எழுதினேன். நான் உமையாள். இந்தத் தொடருக்கு வசனம் எழுதுகிறவள். ராஜியும் நான்தான். அது கதிரின் நம்பர் இல்லை. காணாமல் போன ஒரு நிஜ மனிதரின் நம்பர். அவர் மனைவி அதை உயிரோடு வைத்திருக்கிறாள். என்னை நம்பிச் சொன்னதை நான் எடுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் அழைக்கும் ஒவ்வொரு முறையும் அவள் அவர்தான் என்று நினைத்து எடுக்கிறாள். தயவுசெய்து நிறுத்துங்கள். பேச்சியின் பேரை எழுதவில்லை. இவ்வளவுக்கும் ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒரு நாளைக்கு முப்பது பக்கம் எழுதுகிற கை.

முதல் பத்து பேர் காறித் துப்பினார்கள். பதினோராவது ஆள், "மேடம், அது இருக்கட்டும், கதிர் திரும்பி வருவாரா மாட்டாரா?" என்று கேட்டிருந்தார். அவருக்குக் கீழே நூறு பேர் அதையே கேட்டிருந்தார்கள்.

ஜூலை 6, சனி

குழுவை நடத்துகிறவர் திருச்சியில் ஹாஜிரா என்று ஒரு டீச்சர். நேற்று என் பதிவைப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு வரி மேலே ஒட்டியிருக்கிறார்: "அந்த நம்பருக்கு இனி கூப்பிடுகிறவர் நம் சொந்தம் இல்லை." ப்ரொமோவை வெட்டிப் பகிர்ந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அழிக்கச் சொல்லியிருக்கிறார். சேனலில் இரண்டு நாள் ஆகும் என்றார்கள். டீச்சர் ஒரு பொழுதில் முடித்துவிட்டார்.

எனக்கும் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். "ராஜியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் அறுவை சிகிச்சைக்கு எனக்காக வேண்டிக்கொண்டவர். அதுவும் நீங்கள் எழுதின வசனம்தானா?" அன்றைக்கு நான் நிஜமாகவே வேண்டிக்கொண்டேன். அதை இப்போது எப்படி நிரூபிப்பது?

ஜூலை 8, திங்கள்

ஜெபராஜ் சார் வீட்டுக்கே வந்துவிட்டார். சேனலில் ஒரே ரகளையாம். "ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுங்கக்கா" என்றார். எங்கள் தொழிலில் அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

"அந்தப் பிணத்த மட்டும் எடுக்காதீங்க சார். காணாமப் போனவனாவே விட்டுடுங்க" என்றேன்.

"வேற ஆள் எழுதியாச்சுக்கா" என்றார். காபியைப் பாதி குடித்துவிட்டுப் போனார்.

ஜூலை 10, புதன்

பேச்சி எப்போதோ ராஜிக்குக் கொடுத்திருந்த அவளுடைய சொந்த நம்பரைக் கூப்பிட்டேன். முதல் தடவையாக அவள் குரலைக் கேட்டேன். நான் நினைத்ததைவிட இளசான குரல். ஜெராக்ஸ் மெஷின் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ராஜியக்காவா?" என்றாள்.

"உமையாள்" என்றேன்.

"எனக்கு ராஜியக்காதான் பழக்கம்" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனேன். அவள் நடுவில், "ஆதார் ரெண்டு பக்கமுமா?" என்று யாரிடமோ கேட்டுவிட்டு மறுபடி வந்தாள்.

"ஒரு நாளைக்கு முந்நூறு போன் வந்துச்சுக்கா. எல்லாத்தையும் எடுத்தேன். ஒவ்வொரு தடவயும் அவுகதான்னு நெனச்சுத்தான் எடுத்தேன். இப்ப நின்னுபோச்சு. நல்லதுதான். ஆனா ஒண்ணு யோசிச்சேன். தமிழ்நாட்டுக்கே அவுக நம்பரு தெரிஞ்சுபோச்சு. அவுக எங்க இருந்தாலும், ஒரு டீக்கடைலயாவது டிவி இருக்கும்ல? பொண்டாட்டி இன்னும் அந்த நம்பர வச்சிருக்கான்னு கேட்டிருப்பாக. முன்னபின்ன தெரியாதவுக அத்தன பேரு கூப்பிட்டாக. அவுக கூப்பிடல."

பின்னால் யாரோ சில்லறை கேட்டார்கள், கொடுத்துவிட்டு வந்தாள்.

"பதினேழாந்தேதியோட ரீசார்ஜ் முடியுது. இனிமே பண்ணப்போறதில்ல. ஒங்க மேல கோவத்துல சொல்லலக்கா. எனக்கே பதில் கிடைச்சமாரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கூட்டம் நிற்கிறது என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 11, வியாழன்

ரேட்டிங் இன்னும் ஏறியிருக்கிறது. இனி எனக்கு எதற்கு அது.

ஜூலை 16, செவ்வாய்

கதிரின் பிணத்தைக் காட்டினார்கள். முகம் தெரியாமல் துணி மூடி, செருப்பை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கிறாள் செண்பகம். வசனம் ரொம்ப சுமார். செருப்பைப் பார்த்ததும் ஒரு பக்கத்துக்கு அழுகிறாள். யாராவது அப்படி அழுவார்களா? முதலில் அது வேறு யாருடைய செருப்போ என்றுதானே சொல்லுவாள்.

எபிசோட் முடிந்து ஐந்து நிமிஷம் குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சியின் விமர்சனம் வரவில்லை. அரை மணி நேரம் கழித்தும் வரவில்லை.

இவர் டிவியை அணைத்துவிட்டு, "சாப்ட்டியா?" என்று கேட்டார். என்னவோபோல் இருந்தது.

ஜூலை 17, புதன்

இவர் போனுக்கு ரீசார்ஜ் முடிந்துவிட்டது, செய்து கொடு என்றார். செய்தேன். அப்படியே இன்னொரு நம்பருக்கும் செய்தேன். மனப்பாடமாகத் தெரிந்த நம்பர்தானே, ஒரு நிமிஷ வேலை. நான் உடைத்ததை நான்தானே ஒட்டணும். அவளுக்குச் சொல்ல வேண்டாம், இன்னும் இருபத்தெட்டு நாள் அவள் யோசிக்க நேரம் கிடைக்கட்டும் என்றுதான்.

நல்லது செய்திருக்கிறேன் என்றே நினைக்கிறேன். நிம்மதியாக மாவு அரைத்தேன்.

ஜூலை 18, வியாழன்

காலை ஏழு மணிக்குப் பேச்சியிடமிருந்து செய்தி வந்திருந்தது. எழுத்தெல்லாம் குளறிக் கிடந்தது.

"அக்கா அவுக நம்பருக்கு ரீசார்ஜ் ஆயிருக்கு. மெசேஜ் வந்திருக்கு. நான் பண்ணலக்கா. நான் பண்ண மாட்டேன்னு ஒங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். சரியா முடியிற அன்னைக்கே போட்டிருக்கு, அவுகதான் எப்பவும் இருபத்தெட்டு நாள் பேக்கு போடுவாக. வேற யாரு பண்ணுவா. நான் இன்னைக்கி கடைக்குப் போகல. போன் பக்கத்துலயே இருக்கேன்."

பதினோரு வருஷமாக, வெள்ளிக்கிழமை எபிசோடை எந்த இடத்தில் நிறுத்தினால் ஜனங்கள் திங்கள்வரை தவிப்பார்கள் என்று கணக்குப் போட்டே பழகியவள் நான். இதை நான் யோசிக்கவே இல்லை.

அவள் நம்பரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நாலு தடவை கூப்பிட்டேன். எழுதி அனுப்பலாம் என்று 'நான்தான்' வரை அடித்தேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் பார்த்து, அவர்தான் என்று நினைத்துவிடுவாளோ என்று பயமாகி அழித்தேன். இதை வாயால்தான் சொல்லணும். வேறு வழி இல்லாமல் அந்த இன்னொரு நம்பரை அழைத்தேன். இதுவரை நான் அந்த நம்பரை ஒரு தடவைகூட அழைத்ததில்லை.

முதல் மணி முழுசாக அடிக்கவில்லை.

"நீங்களா?" என்றாள்.

அந்தக் குரலை என்னால் எழுத முடியாது. இந்த ஒன்றை எழுத மாட்டேன்.

"பேச்சி, நான் உமையாள். ரீசார்ஜ் பண்ணது நான்தாம்மா. வேற யாரும் இல்ல. நல்லதுன்னு நெனச்சுப் பண்ணிட்டேன். நான்தான்" என்றேன்.

அவள் வீட்டில் தண்ணீர்க் குழாய் சொட்டுவது கேட்டது. வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன், இணைப்பு இருந்தது.

"சரிக்கா" என்றாள் பிறகு. "வச்சிருங்க. லைன் ஃப்ரீயா இருக்கட்டும்."